பெர்க்லியில் கிரேடு போடுவது யார்? 'அமெரிக்கப் பண்பாடுகள்' பாடத்தை எடுத்தே ஆகவேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இளங்கலை சேர்ந்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் வாட்ஸப்பில், இந்திய நேரம் இரவு பதினொன்றுக்குமேல் வந்தவை. நான் பெர்க்லிக்காரன் இல்லை. வேறொரு அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன். பெர்க்லியின் விதிகள் பொதுவெளியில் இருப்பவை. அவற்றைப் படித்துப் புரிந்துகொண்டதையும், கூடவே என் கருத்தையும் எழுதுகிறேன்.

கிரேடு விதிகளை வகுப்பது யார்? துணைவேந்தரா, அரசாங்கமா?

இரண்டு பேரும் இல்லை, ஆசிரியர்கள்தான். 'அகாடமிக் செனட்' என்று ஒரு பேரவை இருக்கிறது. நிரந்தரப் பேராசிரியர்கள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். எந்தப் பாடம் நடத்தலாம், பட்டம் வாங்க என்னென்ன முடித்திருக்க வேண்டும், கிரேடுகளுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் அந்தப் பேரவையின் பொறுப்பு. பல்கலைக்கழகத்துக்கு மேலே ரீஜன்ட்ஸ் என்ற ஆட்சிக்குழு உண்டு. கலிபோர்னியா ஆளுநரும் அதில் ஓர் உறுப்பினர். அந்த ஆட்சிக்குழுதான் இந்த அதிகாரத்தை ஆசிரியர்களுக்கு விட்டுக்கொடுத்தது.

அதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை. பெஞ்சமின் ஐட் வீலர் என்பவர் 1899 முதல் 1919 வரை பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்து, நியமனம் முதல் எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருந்தார். அவர் ஓய்வுபெற்றதும் பேராசிரியர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். 1919, 1920 ஆண்டுகளில் நடந்த அந்தச் சண்டையை 'பெர்க்லி புரட்சி' என்றே சொல்வார்கள். நூறு வருடம் கழித்து உங்கள் பையன் பி பிளஸ் வாங்கும்போது, அதற்கான விதி அந்தச் சண்டையின் வழியாகத்தான் வந்து சேருகிறது.

பேப்பர் வெளியே திருத்தப் போகாதா? டம்மி நம்பர் உண்டா?

கிடையாது. நம்மூரிலிருந்து போகிறவர்களுக்குப் பழகவே கஷ்டமான விஷயம் இதுதான். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்ற பதவியே அங்கே இல்லை. பாடம் நடத்தியவரே கேள்வித்தாளைத் தயாரித்து, திருத்தி, கிரேடும் போட்டுவிடுவார். இன்டர்னல் 40, எக்ஸ்டர்னல் 60 என்ற பேச்சே கிடையாது. ஒரு வகையில் எல்லாமே இன்டர்னல்தான்.

பெரிய வகுப்புகளில் பேராசிரியர் ஒருவரே எல்லாத் தாளையும் பார்ப்பதில்லை. மேற்படிப்பு மாணவர்கள் உதவி ஆசிரியர்களாக இருப்பார்கள், பெர்க்லியில் அவர்களை ஜிஎஸ்ஐ என்பார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் தேர்வு முடிந்த அன்று மாலை ஏழெட்டு பேர் ஒரு அறையில் உட்காருவோம். பீட்சா வந்துவிடும். மூன்றாவது கேள்வி முழுக்க எனக்கு, நான்காவது இன்னொருவருக்கு. தாள்கள் ஸ்கேன் ஆகித் திரையில் வரும். எந்தத் தவறுக்கு எத்தனை மார்க் குறைப்பது என்று பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும். 'அலகு எழுதவில்லை: 2 குறைக்க' என்று போட்டு நாற்பது தாள் திருத்திய பிறகு, இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றும். பேராசிரியரைக் கேட்டு 2-ஐ 1 ஆக்கினால், திருத்தி முடித்த நாற்பது தாளிலும் ஒரே நொடியில் மார்க் ஏறிவிடும். இதைச் செய்யும் கிரேட்ஸ்கோப் என்ற மென்பொருளை உருவாக்கியவர்கள் பெர்க்லியில் திருத்தித் திருத்திச் சலித்துப்போனவர்கள்தான்.

ஆனால் கடைசி கிரேடுக்குப் பொறுப்பு அந்தப் பாடத்தின் ஆசிரியர். 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களிலும் இந்த உதவி ஆசிரியர்களும் ஆய்வாளர்களுமாக சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிட்டத்தட்ட ஆறு வாரம், அதுவும் செமஸ்டர் தேர்வுச் சமயத்தில். குவிந்து கிடந்த தாள்களைப் பார்த்த பிறகுதான் கிரேடு உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பது பலருக்கு உறைத்தது.

"மிட்டர்ம்ல 58 தான் வாங்கினேன், பி பிளஸ்னு சொல்றாங்க." எப்படி?

அக்கா மகன் ஒருவன் இதைச் சொல்லி அழும் நிலைக்கு வந்துவிட்டான். பன்னிரண்டாம் வகுப்பில் 97 விழுக்காடு வாங்கிய பிள்ளை. "மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றான். வகுப்புச் சராசரி என்ன என்று கேட்டேன். 49 என்றான். அப்படியென்றால் அவன் நன்றாகத்தான் எழுதியிருக்கிறான்.

சில ஆசிரியர்கள் 90-க்கு மேல் ஏ, 80-க்கு மேல் பி என்று முதல் நாளே சிலபஸில் எழுதிவிடுவார்கள். வேறு சிலர் வகுப்பு எழுதியதைப் பார்த்துக் கோடு போடுவார்கள், அதைத்தான் 'கர்வ்' என்கிறோம். பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே கர்வ் கிடையாது. சில துறைகள், குறிப்பாக மின்பொறியியலும் கணினி அறிவியலும், வகுப்புச் சராசரி எந்த வரம்புக்குள் இருந்தால் நல்லது என்று வழிகாட்டுதல் வைத்திருக்கின்றன. ஆகவே சிலபஸின் கிரேடு பகுதியை முதல் வாரத்திலேயே படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைப் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை.

எண்ணிக்கை முறை இதுதான்: ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0. ஏ பிளஸ் வாங்கினாலும் அதே 4.0 தான். பட்டத்துக்கு 120 யூனிட் (நம்மூர் கிரெடிட் மாதிரி) முடிக்க வேண்டும், கிரேடுகளின் சராசரி, அதாவது ஜிபிஏ, குறைந்தது 2.0 இருக்க வேண்டும்.

கிரேடு பிடிக்கவில்லை என்றால் ரீவேல்யூஷன் போடலாமா?

பணம் கட்டி, நகல் வாங்கி, வேறொரு ஆசிரியரிடம் அனுப்பும் நம்மூர் ரீவேல்யூஷன் அங்கே இல்லை. தேர்வுத்தாளில் கூட்டல் தப்பு, ஒரு பக்கத்தைப் பார்க்காமல் விட்டது போன்றவற்றுக்கு மறுதிருத்தம் கேட்கலாம், அது வகுப்புக்குள்ளேயே முடிந்துவிடும். செமஸ்டர் முடிந்து கிரேடு பதிவான பிறகு அதை மாற்ற வேண்டுமானால் பதிவு செய்ததில் பிழையோ நடைமுறைப் பிழையோ இருக்க வேண்டும். "இன்னொரு அசைன்மென்ட் எழுதித் தருகிறேன், ஏ போடுங்கள்" என்பது விதிப்படி நடக்காது.

முறையீடு செய்ய வழி உண்டு. ஆனால் அதற்கான காரணங்கள் குறுகியவை. இனம், அரசியல், மதம், பாலினம் போன்ற, படிப்புக்குச் சம்பந்தமில்லாத அளவுகோல் வைத்து கிரேடு போட்டது ஒன்று. பாலியல் தொல்லை இன்னொன்று. கிரேடைப் பாதித்த முறைகேடான கல்வி நடைமுறை மூன்றாவது. "என் கட்டுரை இதைவிட நல்ல கட்டுரை" என்பது காரணமாகாது. முதலில் ஆசிரியரிடம் பேச வேண்டும், பிறகு துறைத்தலைவரிடம். அப்படியும் தீரவில்லை என்றால் ஆசிரியர்களும் மாணவர்களும் அடங்கிய துறைக்குழு விசாரிக்கும். கடைசிச் சொல் பேரவையின் பாடக்குழுவுக்கு. பாடம் முடிந்து ஓராண்டுக்குள் தொடங்கிவிட வேண்டும்.

இதை நன்றாகப் பார்த்தால் ஒன்று தெரியும். மேலே இருப்பவர்கள் கண்காணிப்பது நடைமுறையை மட்டும்தான். ஆசிரியரின் மதிப்பீடு சரியா தப்பா என்று யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. ஆசிரியரை நம்பி விட்டுவிட்டார்கள். டம்மி நம்பர் போட்டு, முகம் தெரியாதவர் திருத்தும் நம் முறை யாரையும் நம்புவதில்லை. இரண்டிலும் கைவைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அவர்கள் முறைதான் பிடிக்கும். ஆனால் கோபக்கார ஆசிரியரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு நம் முறைதான் பாதுகாப்பு.

நான் போன் பண்ணி மார்க் கேட்கலாமா?

கேட்கலாம், பதில் வராது. 1974-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி கல்லூரி மாணவரின் பதிவுகள் மாணவருக்குச் சொந்தம். அவர் எழுதிக் கொடுக்காமல் பொதுவாக அப்பா அம்மாவுக்கும் சொல்லமாட்டார்கள். பிள்ளையிடமே கேளுங்கள்.

பாஸ், நோ பாஸ் என்று ஏதோ சொல்கிறார்களே?

எழுத்து கிரேடு வேண்டாம், தேறினால் போதும் என்று சில பாடங்களை எடுக்கலாம். சி மைனஸோ அதற்கு மேலோ வந்தால் பாஸ், ஜிபிஏவில் சேராது. மேஜர், அதாவது முதன்மையாகப் படிக்கும் துறையின் பாடங்களுக்கு பெரும்பாலும் இது செல்லாது. பெர்க்லியில் எடுக்கும் யூனிட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி எடுக்கவும் முடியாது. 2020 வசந்த செமஸ்டரில் கோவிட் வந்தபோது எல்லாப் பாடங்களையும் பாஸ் முறைக்கு மாற்றி, வேண்டுமானால் எழுத்து கிரேடு கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அது ஆபத்துக்குப் பாவமில்லை என்ற கதை.

அரியர் உண்டா?

அந்தச் சொல்லே இல்லை. எஃப் வாங்கினால் பாடத்தையே மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டும், தேர்வை மட்டும் எழுத முடியாது. டி பிளஸோ அதற்குக் கீழோ வாங்கிய பாடத்தை மறுபடி எடுத்தால், முதல் 12 யூனிட் வரை புதிய கிரேடு மட்டும் ஜிபிஏவில் சேரும். பழையது சான்றிதழில் அப்படியே நிற்கும்.

'அமெரிக்கப் பண்பாடுகள்' பாடம் என்றால் என்ன?

பெர்க்லியில் எந்தக் கல்லூரியில், எந்த மேஜரில் படித்தாலும் இளங்கலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பாடமாவது எடுக்க வேண்டிய தேவை இது. இயந்திரப் பொறியியல் படிக்கிறவருக்கும் உண்டு, இசை படிக்கிறவருக்கும் உண்டு. பாட எண்ணின் கடைசியில் 'ஏசி' என்று இருக்கும். ஆப்பிரிக்க அமெரிக்கர், அமெரிக்காவின் தொல்குடிகள், ஆசிய அமெரிக்கர், சிக்கானோ (மெக்சிக வம்சாவளியினர்) மற்றும் லத்தீனோ அமெரிக்கர், ஐரோப்பிய அமெரிக்கர் என்று ஐந்து பிரிவினரைச் சொல்கிறார்கள். இதில் குறைந்தது மூன்று பிரிவினரைப் பாடம் கணிசமாக எடுத்துப் பேச வேண்டும். தனித்தனியாக அல்ல, ஒருவரோடொருவர் ஒப்பிட்டு. நாற்பதுக்கும் மேற்பட்ட துறைகள் இப்படிப் பாடம் நடத்துகின்றன. சி மைனஸ் அல்லது பாஸ் வாங்கினால் போதும்.

ஒப்பிட்டுப் பேச வேண்டும் என்ற நிபந்தனையைத்தான் நான் கெட்டிக்காரத்தனம் என்பேன். ஒரு சமூகத்தின் பெருமையை மட்டும் பாடும் பாடம் இதில் தேறாது. ஐரோப்பிய அமெரிக்கரையும் பட்டியலில் வைத்ததால், மற்றவர்களைப் பற்றி வெள்ளையர் தெரிந்துகொள்ளும் பாடம் என்ற பேருக்கும் இடமில்லாமல் போனது.

இது எப்படி வந்தது?

வேர் 1960-களில் இருக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பரில் தொடங்கிய மாணவர் வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஐந்து மாதம் நீண்டது. 1969 ஜனவரியில் பெர்க்லியிலும் தொற்றிக்கொண்டது. அதன் விளைவாக, வெள்ளையரல்லாத சமூகங்களைப் பற்றிப் படிக்கும் இனக்குழு ஆய்வுத் துறை பிறந்தது. ஆனால் விருப்பமுள்ளவர்கள் மட்டும் எடுக்கும் பாடங்களாகவே அவை இருந்தன.

1980-களில் மாணவர் கூட்டத்தின் முகம் மாறிவிட்டது. வெள்ளையர் பெரும்பான்மையாக இல்லாத வளாகமாக பெர்க்லி ஆகிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாடம் வேண்டும் என்று மாணவர்கள் கேட்டார்கள். ஆசிரியர்களில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் ரொனால்டு தகாக்கி, ஹவாய்க் கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஜப்பானியரின் பேரன். 1989 ஏப்ரலில் ஆசிரியர் பேரவை கூடி வாக்கெடுத்தது. ஆதரவு 227, எதிர்ப்பு 194. வெறும் 33 வாக்கு வித்தியாசம். 1991 இலையுதிர் காலத்தில் சேர்ந்தவர்கள்தான் முதல் அணி.

அதற்கு ஓராண்டு முன்பு பக்கத்து ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு சண்டை நடந்தது. 'மேலைப் பண்பாடு' என்ற கட்டாயப் பாடத்தை எடுத்துவிட்டு 'பண்பாடுகள், கருத்துகள், விழுமியங்கள்' என்று மாற்றினார்கள். நாடு முழுக்க நாளிதழ்கள் அதைப் பற்றியே எழுதின. பெர்க்லி எந்தப் பாடத்தையும் எடுத்துவிடவில்லை, புதிதாக ஒன்றைச் சேர்த்தது. அதனால்தான் முப்பது ஆண்டு கடந்தும் நிற்கிறது என்பது என் எண்ணம்.

என் மகள் மதுரையிலிருந்து போகிறாள். பல மொழி, பல மதம் பார்த்து வளர்ந்தவள். விலக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடலாம். 'அமெரிக்க வரலாறும் நிறுவனங்களும்' என்று தனியாக ஒரு தேவை இருக்கிறது. அதற்கு மாணவர் விசாவில் வந்தவர்கள் விலக்குக் கேட்க முடியும். பண்பாடுகள் பாடத்துக்கு அது பொருந்தாது.

எடுத்தால் நஷ்டமும் இல்லை, நம்மவர் கதையும் அதில் வரலாம். 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், தான் வெள்ளையர் வரையறைக்குள் வருவதால் குடியுரிமை வேண்டும் என்று வழக்காடி, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விசா வரிசையில் நின்று போன பெண்ணுக்கு இது பழங்கதையாகத் தெரியாது.

பெர்க்லியில் தமிழ் சொல்லித்தருகிறார்களே, அதை எடுத்தால் இந்தக் கணக்கில் வருமா?

வராது. தமிழ் வகுப்பு அயல்மொழிக் கணக்கில் வரலாம். பண்பாடுகள் பாடம் அமெரிக்காவுக்குள் வாழும் மக்களைப் பற்றியது. சங்க இலக்கியத்தில் கரைகண்டாலும் இந்தப் பெட்டி காலியாகவே இருக்கும்.

கட்டாயப் பண்பாட்டுப் பாடம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் 2022-23 முதல் முதலாண்டு மாணவர்களுக்கு 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு பாடங்களைக் கொண்டுவந்தது, தலா ஒரு கிரெடிட். அது நம்மைப் பற்றி நாம் படிப்பது, பெர்க்லியில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துப் படிப்பது.

ஏசி முத்திரையைக் கொடுப்பது யார்?

பேரவையின் கீழ் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. ஆசிரியர் சிலபஸைச் சமர்ப்பிக்க வேண்டும். எந்த வாரம் எந்தப் பிரிவினரைப் பற்றி, எந்த நூல், ஒப்பீடு எங்கே என்று காட்ட வேண்டும். போதவில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள்.

என் குறை இங்கேதான். குழு பார்ப்பது தாள். வகுப்பறையில் பத்தாவது வாரம் ஓடாமல் போய், மூன்றாவது பிரிவினர் கடைசி அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டால், அது தாளில் தெரியாது. கிரேடு விஷயத்தில் சொன்ன அதே நம்பிக்கைதான் இங்கேயும்.

ஆசிரியரின் அரசியலோடு ஒத்துப்போகவில்லை என்றால் மார்க் குறையுமா?

பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. மேலே சொன்ன முறையீட்டு விதியில் 'அரசியல்' என்ற சொல் வெளிப்படையாகவே இருக்கிறது. கருத்துக்காகக் கிரேடைக் குறைப்பது விதிமீறல். நடைமுறையில் நிரூபிப்பது கஷ்டம், ஏனென்றால் கருத்துக்காகக் குறைத்தாரா, ஆதாரம் போதாததற்காகக் குறைத்தாரா என்பது பின்னூட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் திருத்திய கட்டுரைகளையும் சிலபஸையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் திருத்தியவரை, குறைந்த மார்க்குக்குக் காரணம் பெரும்பாலும் முதல் நாள் இரவு எழுதியதுதான்.

எல்லாருக்கும் ஏ போடுகிறார்களாமே?

பெரும் தனியார் பல்கலைக்கழகங்களில் இது உண்மைக்குப் பக்கம். ஹார்வர்டில் அதிகம் வழங்கப்படும் கிரேடு ஏ என்று 2013-இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பிரின்ஸ்டன் 2004-இல் ஏ வகைக் கிரேடுகள் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வழிகாட்டுதல் போட்டு, வேலைக்கும் மேற்படிப்புக்கும் பாதகம் என்ற புகார்களுக்குப் பிறகு 2014-இல் கைவிட்டது.

வெல்லெஸ்லி கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பெண்கள் கல்லூரி, முதல் இரண்டு நிலை வகுப்புகளின் சராசரி 3.33-ஐத் தாண்டக்கூடாது என்று 2004-இல் விதித்தது. அங்கேயே பணியாற்றும் மூன்று பொருளாதாரப் பேராசிரியர்கள் விளைவை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். கிரேடு குறைந்தது. ஆனால் அப்படிக் கிரேடு குறைந்த துறைகளை மேஜராக எடுப்பவர்களும் குறைந்தார்கள், ஆசிரியர்களுக்கு மாணவர்கள் போடும் மதிப்பெண்ணும் குறைந்தது, இனங்களுக்கிடையே இருந்த கிரேடு இடைவெளி பெரிதானது. ஒரு பக்கம் பல பண்பாட்டுப் பாடம் வை, மறுபக்கம் கிரேடை இறுக்கு என்று ஒரே பேரவை முடிவெடுக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். வெல்லெஸ்லி 2019-இல் அந்த விதியை எடுத்துவிட்டது.

அரசாங்கம் தலையிட முடியாதா?

பெர்க்லியில் கடினம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசியல் சட்டத்திலேயே தன்னாட்சி உண்டு. அதனால்தான் ஒவ்வொரு வளாகமும் தானே அடித்துக்கொள்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இதே மாதிரித் தேவை 2004-இலும் 2012-இலும் தோற்றது. 2014-இல் 332-க்கு 303 என்று தேறியதும், எதிர்த்தவர்கள் மனுப் போட்டு வளாகம் முழுக்க வாக்கெடுக்க வைத்தார்கள். 2015-இல் 916-க்கு 487 என்று உறுதியானது.

கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் வேறு அமைப்பு, பெயர் குழப்பும். அங்கே 2020-இல் சட்டமன்றமே சட்டம் போட்டு மூன்று யூனிட் இனக்குழு ஆய்வுப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. ஃபுளோரிடா எதிர்த்திசையில் போய், அடையாள அரசியல் பேசும் பாடங்களைப் பொதுப்பாடப் பட்டியலிலிருந்து விலக்கும் சட்டத்தை 2023-இல் கொண்டுவந்தது. அடுத்த ஜனவரியில் சமூகவியல் அறிமுகப் பாடமே அரசுப் பல்கலைக்கழகங்களின் அடிப்படைப் பட்டியலிலிருந்து போனது. சேர்க்கச் சட்டம் போட்டதையும் நீக்கச் சட்டம் போட்டதையும் நான் ஒரே கண்ணால்தான் பார்க்கிறேன். பெர்க்லியில் 33 வாக்கில் ஜெயித்தாலும், அந்தப் பாடத்தை நடத்தப்போகிறவர்கள் போட்ட வாக்கு அது.

சரி, எப்போது எடுப்பது நல்லது?

முதல் செமஸ்டரே வேண்டாம், ஆங்கிலத்தில் நீளமாக எழுதப் பழகட்டும். கடைசி செமஸ்டர் வரை தள்ளிப்போடவும் வேண்டாம், இடம் கிடைக்காமல் பட்டம் நிற்கும். இரண்டாம் ஆண்டில், மேஜருக்குப் பக்கமான துறையில் ஏசி பாடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். கலை அறிவியல் கல்லூரியில் ஏழு வகைப் பரவல் பாடங்கள் (பல துறைகளையும் தொட்டுப்பார்க்க வைப்பவை) முடிக்க வேண்டும், ஒரே ஏசி பாடம் அதில் ஒன்றையும் சேர்த்து அடைத்துவிடும். கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்கள் அங்கேயே இணையான பாடத்தை முடித்துவிட்டு வரலாம், ஆனால் அது ஏற்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று சேரும் முன்பே ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.